நான்கு விளக்குகளுக்குக் கீழே உலகம்மாள்

கீழச்சுனை உலகம்மாளின் நிழல் அவளுக்கு முன்னால் போகும் என்பது மலையடிவாரத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. சூரியன் கிழக்கே நின்றாலும் மேற்கே நின்றாலும் அது அவளைவிட ஓர் எட்டு முந்தியே இருக்கும். அவள் திரும்பப்போகும் பக்கம் அது முதலில் திரும்பும், அவள் உட்காரப்போகும் இடத்தில் முதலில் உட்காரும், அவள் பேச வாயெடுப்பதற்குள் நிழலின் கை ஆடத் தொடங்கியிருக்கும். கைக்குழந்தையாக அவள் தொட்டிலில் கிடந்தபோதே தொட்டிலுக்கு வெளியே நிழல் தவழ்ந்துகொண்டிருந்ததைப் பார்த்த அவள் அம்மா கோமதி, பிள்ளை சீக்கிரம் நடந்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு பீடி இலை நறுக்கப் போய்விட்டாளாம். மணி அடிக்கும் முன்பே நிழல் வகுப்பை விட்டு வெளியே போகிறது என்று ஒரு டீச்சர் அவளை முட்டி போட வைத்தார். ரேஷன் கடை வரிசையில் நிழல் பிடித்த இடம் செல்லுமா செல்லாதா என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை நடந்து, நிழலின் கையிலும் பை தெரிந்தால் செல்லும் என்று முடிவானது. கீழச்சுனை மினி பஸ் கண்டக்டர் சங்கிலிபூதத்தான், நிறுத்தத்தில் நிழலைக் கண்டதும் வாயிலிருந்து விசிலை எடுத்துவிடுவார்.

"நெழலு ஏறிட்டு. பிள்ள பின்னால வரும், பொறுங்க."

பஸ்ஸில் இருந்தவர்களும் பொறுத்தார்கள். வெயிலுக்கும் சாரலுக்கும் பொறுப்பதுபோல அதற்கும் பொறுத்தார்கள். ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவன் நான் ஒருவன்தான். எதையும் ஏன் என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவன் நான்.

ஆவுடையாபுரம் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன், ஊருக்கு பி.டி. சார். பிளஸ் டூ முடிவு வந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. மற்ற ஊர்களில் கிரிக்கெட் பேசுகிறார்கள் என்றால் இங்கே ஜவுளிக்கடைக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் கூடைப்பந்து பேசுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவர், இந்த வருஷம் பாயின்ட் கார்டு யார் சார் என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். பாயின்ட் கார்டு என்றால் பந்தைக் கீழிருந்து மேலே கொண்டு வந்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவள்; மற்ற நால்வரும் ஓடுவது அவள் மனசுக்குள். சென்டருக்கு ஆள் வேண்டுமென்றால் சுவரில் நிறுத்தி உயரம் பார்க்கலாம். ஷூட்டருக்கு, பந்தைக் கையில் கொடுத்து எறியச் சொல்லலாம். பாயின்ட் கார்டை எதை வைத்துப் பார்ப்பது? அவள் கையைப் பார்த்தால் கண்ணைத் தவறவிடுவோம், கண்ணைப் பார்த்தால் காலை. இன்னும் நடக்காத ஒன்றை அவள் பார்க்கிறாளா என்று நடந்து முடிந்ததை வைத்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக அதைத்தான் செய்கிறேன். எனக்கு அந்தக் கண் உண்டா என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் கேட்டதில்லை.

எங்கள் மைதானம் ஒன்றுதான், சிமென்ட் தரை, நான்கு மூலையிலும் நான்கு விளக்குக் கம்பங்கள். காலையில் அது கல்லூரிக்கு, சாயங்காலம் ஊர் கிளப்புக்கு. நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் ஏற்பாடு அது. அதனால் செலக்‌ஷன் எப்போதும் காலை வெயிலில் நடக்கும். போட்டிகளோ, எல்லா ஊரிலும் போல, கடைகள் அடைத்து ஜனங்கள் வந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில்தான் நடக்கும். இந்த இரண்டையும் சேர்த்துவைத்து யாரும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது, பாயின்ட் கார்டுக்கு. இடம் கிடைத்தவளுக்குப் படிப்பும் ஹாஸ்டலும் சாப்பாடும் கல்லூரி பொறுப்பு. நிறையப் பேர் வந்து, கடைசியில் இருவர் நின்றார்கள். ஒருத்தி தூத்துக்குடி பெனிட்டா. துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவள், கால்கள் கயிறு மாதிரி முறுக்கு, பந்து அவள் உள்ளங்கையிலேயே பிறந்த மாதிரி இருக்கும். இன்னொருத்தி உலகம்மாள். அவள் ஆடியதெல்லாம் கீழச்சுனைப் பள்ளிக்கூடத்து மண் தரையில், பி.டி. பீரியடில், பட்டப்பகலில். கோமதி அவளோடு வந்து வேப்பமரத்தடியில் மடியில் பீடி சுற்றும் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடம் கிடைக்காவிட்டால் அன்று சாயங்காலமே மேற்கே ஒரு நூல் மில்லுக்குப் போகும் வேனில் மகளை ஏற்றிவிடுவதாக ஏஜென்டிடம் சொல்லியிருந்தாள். மூன்று வருஷம் மில், பிறகு கல்யாணம். அவள் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை, வந்ததும் என்னிடம் சொல்லிவிட்டாள். அவள் சொல்லும்போது உலகம்மாள் தலைகுனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிழலோ அதற்குள் மைதானத்தின் நடுவட்டத்தில் போய் நின்றுகொண்டிருந்தது.

வந்த மற்ற பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, இருவரையும் எதிரெதிராக ஆடவிட்டோம். ஆட்டம் தொடங்கும்போதே தகராறு. நடுவர் மந்திரமூர்த்தி விசிலை ஊதாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஊதாத விசில் மாவட்டத்தில் இல்லை என்பார்கள். விதியில் இல்லாதது எதுவும் அவருக்கு உலகத்திலும் இல்லை. ஓர் அணிக்கு ஐந்து பேர்தான், இது ஆறாவது என்றால் நான் எப்படி அனுமதிப்பது என்றார். எங்கள் கோச் ஜெசிந்தா, நிழல் எல்லோருக்கும்தான் இருக்கிறது, அப்படியானால் களத்தில் இருபது பேர் என்றாள். ஆனால் மற்ற நிழல்கள் அடக்கமாக இருக்கின்றனவே என்றார் அவர். கடைசியில், முதுகில் எண் இல்லாதது ஆட்டக்காரர் ஆகாது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். நிழலை யாராவது மிதித்தால் ஃபவுலா என்று மைதானத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்.

"நெழல மிதிச்சா ஃபவுல்னா நாம ஒருத்தரும் வீட்டுக்குப் போயிச் சேர முடியாதுவே" என்று சொல்லிவிட்டு மந்திரமூர்த்தி விசிலை ஊதினார்.

ஆட்டம் தொடங்கியது. உலகம்மாள் பந்தோடு வருவாள், அவள் முகத்தில் எதுவும் தெரியாது, கண் ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் இருக்கும், நான் பார்த்த பிள்ளைகளில் இவ்வளவு அழகாகப் பொய் சொல்லும் உடம்பு இல்லை. ஆனால் தரையில் அவள் நிழல் வலப்பக்கம் கையை நீட்டிப் பந்தைக் கொடுத்து முடித்திருக்கும். பெனிட்டாவுக்கு இது புரியக் கொஞ்ச நேரம்தான் ஆனது. அவள் உலகம்மாளைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்து ஆடினாள். நிழல் போகும் இடத்தில் கையை வைத்தால் போதும், பந்து தானாக வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு ஓடி, ரிங்கில் போட்டு, திரும்பி வந்து மறுபடியும் தரையைப் பார்த்தாள்.

ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். இரக்கமில்லாதவள் இல்லை. வெயிலில் நின்று நின்று கறுத்த முகம், பிள்ளைகளுக்காகப் பரீட்சை அறை வரைக்கும் வந்து சண்டை போடுகிறவள்.

"சார், அறிவு இருக்கு. பார்வை இருக்கு. ஆனா சொல்லிட்டுக் குடுக்கிற பாஸ் பாஸே இல்ல. இந்தப் பிள்ளய வச்சு நான் எப்படி ஆடுவேன்?"

இன்னும் நடக்காததைப் பார்க்கிறவள் வேண்டும் என்று இத்தனை காலம் தேடினேன், அப்படி ஒருத்தி வந்து நிற்கிறாள், பார்த்ததைத் தரையில் எழுதியும் காட்டுகிறாள், அதனாலேயே அவளை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். இது நியாயமா, அல்லது நியாயம் என்பதே இந்த மாதிரித்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து சாரல் இறங்கியது.

எங்கள் பக்கத்துச் சாரல் கேட்டுக்கொண்டு வராது. பாதி ஆட்டத்தில் சிமென்ட் தரை கண்ணாடியானது. மந்திரமூர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். பிள்ளைகள் வராந்தாவுக்கு ஓடினார்கள். மேகம் மூடியதும் நிழல்கள் எல்லாம் போய், உலகம்மாள் வராந்தாத் தூண் ஓரத்தில் மற்ற பிள்ளைகளைப் போல நிழலில்லாமல் நின்றாள். அப்போதுதான் அவளை முதல்முறையாகத் தனியாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

இதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை, பெனிட்டா பெயரை எழுதிவிடலாம் என்றாள் ஜெசிந்தா. கோமதியும் முறத்தைக் கவிழ்த்து வைத்து எழுந்துவிட்டாள். எதுக்கு சார் இழுத்துக்கிட்டு என்றாள். நேற்றே மகளின் நிழல் இங்கே மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், வேன் வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றுவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னாள். நிழல் போன இடத்துக்கு மகள் போகாமல் இருந்ததே இல்லை என்றும் சொன்னாள். அவள் குரலில் வருத்தம்கூட இல்லை, பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

உலகம்மாள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"சார், பாதி ஆட்டம் மிச்சம் இருக்கு. மழ விட்டதும் அத ஆடிட்டுப் போறேன். வேனு பொழுதடஞ்ச பெறவுதான்."

தோற்றுக்கொண்டிருப்பவள் மிச்ச ஆட்டத்தைக் கேட்கிறாள். அது துணிச்சலா, பிடிவாதமா, மில்லுக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும் ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் சரி என்றேன். தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

சாரல் மாலை வரை விடவில்லை. விட்டபோது மைதானம் கிளப்புக்கு உரியதாகிவிட்டது. கிளப் செயலாளரிடம் போய்க் கேட்டேன். கல்லூரி செலக்‌ஷன் சாயங்காலத்தில் நடந்ததாகச் சரித்திரமே இல்லை என்று இழுத்தார், பிறகு நிழல் பிள்ளை ஆடுகிறாள் என்று தெரிந்ததும் அவரே சாக்கைக் கொண்டுவந்து தரையைத் துடைத்தார். செய்தி பரவியது. ஜவுளிக்கடை ஷட்டர் பாதி இறங்கியது. சுண்டல் வண்டி வந்து கேட் ஓரம் நின்றது. சங்கிலிபூதத்தான் கடைசி நடையைப் பாதியில் நிறுத்தி, பஸ்ஸில் இருந்த கீழச்சுனைக்காரர்களை அப்படியே மைதானத்துக்குக் கூட்டி வந்துவிட்டார், அவர்களும் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கி வந்துவிட்டார்கள். மில் ஏஜென்ட் மணிக்கூண்டிலிருந்து வேனை எடுத்துவந்து மைதானத்துச் சுவருக்கு வெளியே, கதவைத் திறந்துவைத்து நிறுத்தினான். அதைப் பார்த்த கோமதி மகளின் துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கிளப் பையன் ஒருவன் சுவிட்சைப் போட்டான். விளக்குகள் முதலில் ஊதா நிறத்தில் முனகி, பிறகு வெளுத்து, நான்கு மூலையிலிருந்தும் பால் ஊற்றியதுபோல வெளிச்சம் தரையில் வந்து விழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் எல்லோருக்கும் நான்கு நிழல் விழும். பூவிதழ் மாதிரி காலைச் சுற்றி வெளிறிக் கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை. உலகம்மாள் விளக்குக்குக் கீழே ஆடியதில்லை. பந்தை வாங்கிக்கொண்டு அவள் நடுக்கோட்டை நோக்கி வந்தபோது அவள் காலடியிலிருந்து நான்கு நிழல்கள் எழுந்து, நான்கு பக்கம் நடந்து போயின.

ஒன்று இடது மூலைக்கு ஓடிப் பந்தைக் கொடுத்தது. ஒன்று ரிங்குக்குக் கீழே நின்ற சென்டருக்கு உயரமாகப் போட்டது. ஒன்று பின்னால் திரும்பிக் கொடுத்தது. ஒன்று வலப்பக்கம் எகிறியது. நான்கும் ஒரே நேரத்தில், ஒன்றைப்போலவே ஒன்று தயங்காமல். சுவரில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சுண்டல்காரர் கரண்டியை எடுத்தது எடுத்தபடி நின்றார்.

உலகம்மாளும் நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து முன்னால் ஒன்று போய், பின்னால் இவள் போய்த்தான் பழக்கம். இப்போது எதன் பின்னால் போவது? பந்தைத் தட்டிக்கொண்டே அவள் தரையை வலமும் இடமும் பார்த்தாள். மந்திரமூர்த்தி கையை வீசி நொடிகளை எண்ணத் தொடங்கினார். பெனிட்டா தரையைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடியும் தரையைப் பார்த்தாள். ஜெசிந்தா என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்திருப்பது அவளுக்கே தெரியாது. நான் உலகம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பயம் இருந்தது, பிறகு கணக்கு இருந்தது, பிறகு மெதுவாக, அவள் வாழ்நாளில் முதல்முறையாக நிழலுக்கு முன்னால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

பந்து சென்டர் கையில் இருந்தது. எப்படிப் போனது என்று யாரும் பார்க்கவில்லை. சென்டரே பார்க்கவில்லை; கையில் பந்து இருப்பதைக் கண்டு அவள் பதறிப்போய்த்தான் ரிங்கில் போட்டாள்.

அதன் பிறகு அந்த மைதானத்தில் நடந்ததை எங்கள் ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவள் இறங்கி வருவாள், நான்கு நிழலும் நான்கு கதவைத் திறக்கும், அவள் ஒன்றின் வழியாகப் போவாள், மற்ற மூன்றிலும் காவல் நிற்பவர்கள் வெறும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவளோடு ஆடிய நால்வரும் காலையில்தான் ஒருவரையொருவர் பார்த்தவர்கள், அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை, ஆனால் ஆளுக்கொரு நிழல் தங்கள் பக்கம் வருவதைக் கண்டு ஆளுக்கொரு இடத்துக்குத் தயாராக ஓடினார்கள். பந்து வந்தாலும் வராவிட்டாலும் வரும் என்று நம்பி ஓடினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் ஒரு பாயின்ட் கார்டு தருகிறாள் என்று நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். பின்தங்கிக் கிடந்த ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. ஏட்டி உலகு, ஏட்டி உலகு என்று கீழச்சுனைக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். பாத்திரக்கடைக்காரர், நான்காவது நிழல்தான் நிஜம், நான் கவனித்துவிட்டேன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் தப்பாகச் சொன்னார்.

பெனிட்டாவும் விடவில்லை. அவள் பெரிய ஆட்டக்காரி. இருந்த இடத்தில் நின்றபடி ஆட்களை இங்கே வா அங்கே போ என்று ஏவி, கடைசி நேரத்தில் நான்கு நிழலுக்கும் நான்கு பேரைக் காவல் வைத்துவிட்டாள், ஐந்தாவது ஆளாகத் தான் உலகம்மாளின் எதிரில் கையை விரித்து நின்றாள். உலகம்மாள் அணி ஒரு புள்ளி பின்னால். இந்தப் பந்து போனால் ஆட்டமும் போயிற்று. சுவருக்கு வெளியே ஏஜென்ட் ஹாரனை அடித்தான்.

நான் தரையைப் பார்த்தேன். நிழல்களில் ஒன்று இடது மூலையைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, சுவரில் ஏறி வெளியே வேன் பக்கம் போனது. ஒன்று வேப்பமரத்தடியில் கோமதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஒன்று கீழச்சுனைப் பாதையைப் பார்த்து நின்றது. ஒன்று பெண்கள் ஹாஸ்டல் இருக்கும் திசையில் நீண்டு கிடந்தது. ஆட்டத்தில் இதற்கெல்லாம் என்ன வேலை, பாஸ் கொடுப்பதை விட்டுவிட்டு நிழல்கள் ஏன் ஊரில் இறங்கின என்று அந்த நேரத்திலும் எனக்கு யோசனை ஓடியது. பிறகுதான் தெரிந்தது, காலையிலும் நிழல் காட்டியது நடக்கப்போவதை இல்லை, அவள் போகக்கூடிய வழிகளில் ஒன்றைத்தான். மணிக்கூண்டில் போய் நின்றதும் விதி இல்லை. வெயிலில் ஒரு நிழல்தான் விழும், ஒன்றை மட்டும் பார்த்த நாங்கள் அதுதான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

உலகம்மாள் தரையைப் பார்க்கவே இல்லை. நான்கு நிழலையும் அவை போன போக்கில் விட்டுவிட்டு, யாருக்கும் பந்தைக் கொடுக்காமல், பெனிட்டாவின் இடது தோளுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து, நிழலே இல்லாதவள்போல எழும்பினாள். பலகையில் பட்டு, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பந்து உள்ளே இறங்கியது. மந்திரமூர்த்தி விசிலை ஊதி ஆட்டத்தை முடித்தார். ஊதிய பிறகு வாயிலிருந்து விழுந்த விசிலை அவர் எடுக்கவே இல்லை.

மைதானத்துக்குள் யார் யாரோ இறங்கினார்கள். சுண்டல்காரர் மிச்சச் சுண்டலைப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்தார். ஜெசிந்தா என் சட்டையை விட்டுவிட்டு, அது கசங்கியிருப்பதைப் பார்த்து நீவிவிட்டாள். இவள் பேரை நானே எழுதுகிறேன் சார் என்றாள். பெனிட்டா மூச்சு வாங்கியபடி எங்களிடம் வந்தாள், கண் சிவந்திருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

"நாலு பக்கமும் அடச்சேன் சார். அவ அஞ்சாவது பக்கம் போயிட்டா."

சென்னையில் ஒரு கல்லூரி அவளை ஏற்கெனவே கூப்பிட்டிருந்தது. அங்கே சேரப்போவதாகவும், இவளை மறுபடியும் எதிர்த்து ஆடாமல் விடமாட்டேன் என்றும், அதுவும் விளக்கில்லாத இடமாகப் பார்த்து என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு உலகம்மாளின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள்.

ஏஜென்ட் மறுபடியும் ஹாரனை அடித்தான். கோமதி துணிப்பையோடு எழுந்து நின்றாள், எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சங்கிலிபூதத்தான் சுவர் மேல் ஏறி உட்கார்ந்து, வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு ஏறி இருக்குவே. வேணும்னா அத மட்டும் கூட்டிட்டுப் போங்க."

சிரிப்பு அடங்கும்முன் வேன் போய்விட்டது. ஜன்னலோரம் ஒரு நிழல் உட்கார்ந்து போனதென்றும், மில் வேலை பிடிக்காமல் அது மறுவாரமே ரயிலேறி வந்துவிட்டதென்றும் ஊரில் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

நான் பார்த்தது இதுதான். உலகம்மாள் அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு மைதானத்தைவிட்டு நடந்தாள். கோமதி முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடவே போனாள். ஒவ்வொரு விளக்காகக் கடக்கக் கடக்க ஒவ்வொரு நிழலாக உதிர்ந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சி, ஓர் எட்டு முன்னால் போனது. சேர்க்கைத் தாளில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை, முதல்வருக்கு இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஹாஸ்டல் கேட்டில் வார்டனம்மா யாரோ வந்த சத்தம் கேட்டதுபோல எழுந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் தரையைப் பார்த்து, பிறகு பின்னால் வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, யார் சார் இது என்று கேட்டார்.

ஏன், எப்படி என்று என்னிடம் ஆயிரம் கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை.

"கேட்டத் தெறங்கம்மா" என்றேன். "பிள்ள பின்னால வருது."